அத்தியாயம் 6: கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு நூல்

ஈப்போ லகாட் சாலைப் பக்கம் மசாலா அரைத்து விற்கும் பெரியவர் ஒருவர், தம் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு கோப்பு. அதில் பதினொரு பக்கம் எழுதி வைத்திருந்தார். முதல் மூன்று பக்கத்தில், ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்ட கதை. அடுத்த ஐந்து பக்கத்தில் உழைப்பு, நேர்மை, தன்னம்பிக்கை. மீதியில் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவருடைய அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அவர் நடத்தும் கடைக்கு அதுவும் இல்லை.

"ஐயா, கடை திறந்த அன்னிக்கு ராத்திரி கல்லாவுல எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பதினேழு வெள்ளி அறுபது காசு." யோசிக்கவே இல்லை. "அதுல அஞ்சு வெள்ளி என் மச்சான் குடுத்தது. அவங்க வீட்டுல மசாலா இருந்துச்சு தம்பி. இருந்தும், போணியாகட்டும்னு வந்து வாங்கிட்டுப் போனாரு."

கடை திறந்தது 1984-இல். நாற்பது ஆண்டு கழித்தும் அறுபது காசு மறக்கவில்லை. அந்தப் பதினேழு வெள்ளி அறுபது காசிலிருந்துதான் அவருடைய நூல் தொடங்கியது. ரப்பர் கன்றின் கதையை எடுத்துவிட்டோம். கோலகங்சாரில் இன்னும் நிற்கும் அந்தப் பழைய மரத்தின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மசாலா வியாபாரியின் நூலை வாங்குகிறவர், மசாலா வியாபாரத்தைத் தெரிந்துகொள்ளத்தான் காசு கொடுக்கிறார்.

தொழில் நூல் எழுத வருகிற எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இதை வாங்கப்போகும் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். "நம்ம சமுதாயம்" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. சமுதாயம் புத்தகம் வாங்காது, ஆள்தான் வாங்குவார். பீடோரில் பகலில் லோரி ஓட்டி, வாரத்தில் மூன்று இரவு பாசார் மாலாமில் கடை போடுகிற முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தெக்குன் நிறுவனம் இந்தியத் தொழில்முனைவோருக்குத் தரும் ஸ்புமி கடனுக்கு மனுப் போடலாமா, கூட்டுப் பணத்தை முதல் சீட்டிலேயே எடுத்துவிடலாமா என்று படுக்கையில் கணக்குப் போடுகிறார். விடாமுயற்சியைப் பற்றித் தமிழ்ப்பள்ளியிலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குத் தெரியாதது, ஒரு மாதம் வியாபாரம் விழுந்தால் கடைவாடகையை எங்கிருந்து எடுப்பது என்பது. அது உங்களுக்குத் தெரியும். அதை அவருக்குச் சொல்ல முடியாத நூலுக்காகத் தாள் வாங்க வேண்டாம்.

படியடியில் கிடக்கும் பெட்டி

எழுதத் தொடங்கும் முன் பேனாவைத் தொடாதீர்கள். பெட்டிகளைத் திறங்கள். வருமான வரிக்காகக் கணக்கு ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அதனால் கடைசி ஏழு ஆண்டுக் காகிதம் எல்லோரிடமும் இருக்கும்; அதற்கு முந்தையதைப் பலரும் தூக்கிப் போட்டிருப்பார்கள். நூலுக்கு வேண்டியதோ அந்தப் பழைய காகிதம்தான். மாடிப்படிக்கு அடியில், சாமி அறைப் பரணில், மூடிய கடையின் பின்கட்டில் தேடுங்கள். முதல் வாடகை ரசீது, தொழிலைப் பதிவு செய்த சான்றிதழ், மொத்த வியாபாரியின் பில், சேமிப்புக் கணக்குப் புத்தகம், அடகுச் சீட்டு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த நாட்காட்டி எல்லாமே சாட்சிகள். எல்லாவற்றிலும் மேலானது 555 நோட்டு. யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தீர்கள், எது வந்தது, எது வரவில்லை என்று உங்கள் கையெழுத்தில் இருக்கும். கடன் கொடுத்த கதையை அதைப்போல் வேறு எதுவும் சொல்லாது.

பெரியவர் வீட்டில் பதினான்கு 555 நோட்டுகள் கிடைத்தன. அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கினோம். ஒரு நீளத் தாளில் இடப்பக்கம் கடையின் தேதிகள், வலப்பக்கம் ஊரின் தேதிகள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. பழைய பெருஞ்சாலையில் நின்று சாப்பிட்டுப் போன வாகனங்கள் ஊருக்குள் வராமலே போயின. 1998 செப்டம்பரில் டாலர் ஒன்றுக்கு 3.80 வெள்ளி என்று நாணய மதிப்பைக் கட்டி வைத்தார்கள். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு.

தாளை அவர் முன் விரித்தபோது, 1985-க்கும் 1986-க்கும் நேராக இருந்த நோட்டில் சிவப்பு மையில் அடித்த பெயர்களே அதிகம். அவர் மசாலா போட்ட சில்லறைக் கடைகள் லம்பத்து வேலைக்காரர்களை நம்பி நடந்தவை. லம்பம் மூடியதும் வேலைக்காரர் கடைக்குத் தரவில்லை, கடைக்காரர் இவருக்குத் தரவில்லை, இவர் பினாங்கு மிளகாய் மொத்த வியாபாரிக்குத் தர முடியவில்லை. இத்தனை ஆண்டும் அவர் அதைத் தம் கெட்ட நேரம் என்றே நினைத்திருந்தார். லண்டன் சந்தையில் விழுந்த ஈயம் லகாட் சாலை மிளகாய் மூட்டைவரை உருண்டு வந்ததை அன்றுதான் ஒரே தாளில் பார்த்தார். அதுவே நூலின் மூன்றாம் அத்தியாயம் ஆனது.

ஊரின் தேதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். கிந்தா பள்ளத்தாக்கின் வரலாற்றுக்கு, கூ சல்மா நசுத்தியோனும் அப்துர் ரசாக் லூபிசும் எழுதி ஈப்போவின் பேராக் அகாடமி 2005-இல் வெளியிட்ட பெரிய ஆங்கில நூல் இருக்கிறது. ஒருமுறை புரட்டினால் உங்கள் கடைத்தெருவை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

பெட்டிக்கு அடுத்தது கார். பிறருக்கு எழுதித் தருகிறவர்களுக்கு ஒன்று: கடைக்காரரைப் பேட்டி எடுக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார வைத்தால், எவ்வளவு பேசத் தெரிந்தவரும் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார். பழைய விநியோக வழியில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறந்த தோட்டத்துக்கும் போங்கள். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கும். லயம் இருந்த சுவடே இருக்காது. கோயிலும் தமிழ்ப்பள்ளிப் பலகையும் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனாலும் காரை விட்டு இறங்கியதும், "இங்கதான் பெரட்டுக்களம். அம்மா விடியக்காலை நாலரைக்குப் பேர் குடுத்துட்டு நிரைக்குப் போகும்" என்று தானாக வரும். அந்தத் தோட்டத்திலிருந்து பெரியவருக்கு ஒரு தொழில் பாடமும் கிடைத்திருந்தது. மாதச் சம்பளம் கைக்கு வரும் நாளில் தோட்டத்துக் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தோடு வாசலில் நிற்பாராம். சம்பள நாளை அறிந்து கடன் கொடு, சம்பள நாளில் வசூல் செய். பெரியவர் பின்னாளில் எந்தச் சில்லறைக் கடைக்கு எந்தத் தேதியில் லோரி அனுப்புவது என்று வகுத்ததும் அந்த விதிப்படிதான். தோட்டத்து நினைவு தொழில் நூலுக்குள் வருவதானால் இப்படி வேலையோடு வர வேண்டும். வறுமையைக் காட்டி வாசகரை உருக வைப்பதற்காக மட்டும் லயத்துக்குப் போகாதீர்கள்.

வீட்டு அம்மாவையும் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். நம் ஆட்களின் தொழில் நூல்களில் மனைவி என்பவர் முன்னுரையில் நன்றி பெறுகிறவராகவே இருக்கிறார். உண்மையில் முதல் முதலீடு அவர் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் கழன்றது. முதல் ஆண்டுகளின் சம்பளமில்லாத வேலையாள் அவர்தான். கணக்கும் பல வீடுகளில் அவர் கையில்தான். நகையை அடகு வைத்த தேதியும், எப்போது மீட்டோம் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

நட்டத்தை எழுதுங்கள்

தொழில் நூல் ஏன் செத்துப் போகிறது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். அதில் எண் இல்லை. இருந்தாலும் இலாபத்தின் எண் மட்டுமே இருக்கிறது. நட்டப்பட்ட ஆண்டைத் தாண்டிக் குதித்துவிட்டு, "பல சோதனைகளைச் சந்தித்தேன்" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். வாசகர் அந்த வரியில்தான் நூலை மூடி வைக்கிறார்.

நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய ஃபில் நைட்டின் ஷூ டாக் 2016-இல் வந்தது. அத்தியாயங்களுக்கு ஆண்டுகளே தலைப்பு. 1962-இல் தொடங்கி, நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போன 1980-இல் முக்கியக் கதையை முடித்துவிடுகிறார். உலகமே காலில் போட்டுக்கொண்ட பிந்தைய பெரும் வெற்றிக்காலத்தை ஏறக்குறைய விட்டேவிட்டார். நூல் முழுக்க வங்கி கடனை நிறுத்தப் போகிறது, சரக்கு வரவில்லை, அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணம் இல்லை. இந்தத் துணிவு நமக்கும் வேண்டும். நூலை டத்தோ பட்டம் வாங்கிய நாளில் முடிக்காதீர்கள். கடை நிற்குமா விழுமா என்று இருந்த ஆண்டுகளில் அதிகப் பக்கங்களைச் செலவிடுங்கள்.

உள்ளூரிலேயே இன்னும் பெரிய கதை இருக்கிறது. ஐம்பதுகளில் ஆங்கிலேய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டு போடப்பட்டபோது, பாட்டாளிக்கு வேலையோடு குடியிருந்த வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. இதை நாம் பெரும்பாலும் தலைவரின் புகழாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு தொழில் எழுத்தாளர் இதைக் கேட்கும் விதம் வேறு. அந்தப் பத்து வெள்ளியை லயத்தில் வந்து வாங்கியவர் யார்? ரசீது கொடுத்தாரா? நம்ப மறுத்தவரிடம் என்ன சொன்னார்? வாங்கிய தோட்டத்தில் கித்தா விலை விழுந்த ஆண்டு எப்படிப் போனது? அந்தக் காலத்தில் பங்கு வாங்கியவர்களின் பிள்ளைகள் பேராக்கில் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் பெட்டியில் அந்தப் பங்குச் சீட்டு இருந்தால் அதுவே ஓர் அத்தியாயம்.

ஈப்போவின் புந்தோங்கையும் பாருங்கள். கச்சாங் பூத்தே கம்போங் என்று தொழிலின் பெயரையே ஊருக்குப் பெயராக வாங்கிய இடம். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கடலையை வறுத்து, முறுக்குப் பிழிந்து, தலையில் தட்டைச் சுமந்து நடந்து விற்றுத் தொடங்கியது, பிறகு மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏறி, பொட்டலமாகி நாடெங்கும் போகிறது. தலைச்சுமையிலிருந்து பொட்டலத்துக்கு மாறியபோது எண்ணெய் வாடை வராமல் எத்தனை நாள் காக்க முடிந்தது, எந்தப் பை கிழிந்தது, கடைகள் திருப்பியனுப்பிய சரக்கை என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு தமிழ் நூல் வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

கைப்பக்குவத்தையும் எழுதிவிட்டால் போட்டிக்கு வந்துவிடுவார்களே என்று அஞ்சுவோர் உண்டு. பக்குவத்தை எழுத வேண்டியதில்லை. மசாலாவில் எது எவ்வளவு என்பது உங்களுக்குள் இருக்கட்டும். அந்த மசாலாவுக்கு விலை வைத்த முறையையும், விலையை ஏற்றிய நாளில் எத்தனை வாடிக்கையாளர் போனார்கள் என்பதையும் எழுதுங்கள்.

பிறரைப் பற்றி எழுதும்போது நிதானம் வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு போன பங்காளியின் பெயரை அச்சில் போட்டு மனக்குறையைத் தீர்த்துக்கொள்ள நினைக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் இருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகளும் அவருடைய பேரப்பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். "என் கூட்டாளி ஒருவர்" என்று எழுதுங்கள். தொகையைச் சரியாக எழுதுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் விட்டது உங்கள் தவறுதான் என்பதையும் எழுதுங்கள். வாசகருக்குப் பயன்படுவது அது.

யார் எழுதுவது, எந்தத் தமிழில்

எழுத வராது என்பது வெட்கம் இல்லை. வால்மார்ட் சாம் வால்டனின் நூலை ஜான் ஹூயி என்ற பத்திரிகையாளர் உடனிருந்து எழுதினார், பெயரையும் போட்டார்கள். உங்கள் நூலை எழுதித் தரும் ஆசிரியருக்கோ பத்திரிகையாளருக்கோ உரிய ஊதியம் கொடுங்கள், பெயரைப் போடுங்கள், உரிமை யாருக்கு என்பதை முதல் நாளே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுக்கும் நிற்கும். பிள்ளைகள் காலத்துச் சண்டைக்கு இடம் வைக்க வேண்டாம்.

மொழியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பேசுகிற சொல்லை விடாதீர்கள். கைமுதல், கொள்முதல், நிலுவை, சரக்கு, கழிவு, ஐந்தொகை என்று நமக்குச் செட்டியார் கடைக் காலத்திலிருந்து வந்த செழிப்பான தொழில்மொழி இருக்கிறது. அதோடு லோரி, பாசார் மாலாம், கம்போங், லைசென்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் பேராக் வியாபாரியின் தமிழ். சோம. வள்ளியப்பன் பங்குச் சந்தையை விளக்கி எழுதிய அள்ள அள்ளப் பணம் தமிழ்நாட்டில் பல பாகங்களாக நீண்டு விற்றதற்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவது போன்ற அந்த நடை பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இரவல் நடையில் எழுதினால் உங்கள் கடை வாசகருக்கு அந்நியமாகிவிடும்.

நம் பிள்ளைகளில் பலர் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் வேகமாகப் படிக்கிறார்கள். ஆகவே தமிழில் முதலில் எழுதி, நன்றாகப் போனால் மலாய்ப் பதிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கி இரண்டையும் அரைகுறையாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அச்சுக்கு முன் ஒரு கணக்கு

கடைக்காரர்கள் தங்கள் நூல் விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். தொகைகளை உங்கள் அச்சகத்தின் விலைப்பட்டியலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்துச் செம்மைக்கு 3,000 வெள்ளி, அட்டைக்கும் பக்க அமைப்புக்கும் 1,500 வெள்ளி என்று வையுங்கள். 160 பக்க நூலை ஆயிரம் பிரதி அடித்தால் ஒன்றுக்கு 6 வெள்ளி, ஐந்நூறு அடித்தால் 8 வெள்ளி என்று அச்சகம் சொல்கிறது. ஆயிரத்துக்கு மொத்தச் செலவு 10,500, ஐந்நூறுக்கு 8,500. ஆயிரம் அடித்தால் பிரதிக்கு 10.50, ஐந்நூறு அடித்தால் 17. எல்லோரும் இங்கேதான் ஆசைப்படுகிறார்கள்.

இன்னும் ஒரு படி போங்கள். விலை 30 வெள்ளி. கடைக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 19.50. போட்ட முதல் திரும்ப, ஆயிரம் அடித்தவர் 539 பிரதி விற்க வேண்டும்; ஐந்நூறு அடித்தவர் 436. ஆக, அறிமுகமில்லாத நானூற்றுச் சொச்சம் பேரை உங்களால் எட்ட முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்று பட்டால் முந்நூறு அடியுங்கள். குறைந்த பிரதிகளை அடித்துத் தரும் டிஜிட்டல் அச்சகங்கள் ஈப்போவிலேயே இருக்கின்றன. தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். கட்டிலுக்கடியில் எழுநூறு பிரதியை வைத்துக்கொண்டு படுப்பவருக்கு இரண்டாவது நூல் எழுத மனம் வராது.

சென்னையில் அடித்தால் மலிவு என்று சொல்வார்கள். உண்மைதான், கப்பல் செலவையும் காத்திருப்பையும் சேர்க்காமல் பார்த்தால். என் பொறுப்பில் இருந்த ஒரு நூலை அங்கே ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். பதினாறு பக்க ஃபாரம் ஒன்றை இரண்டு முறை கோத்து, இன்னொன்றை விட்டுவிட்டார்கள். பெட்டியைத் திறந்தபோது வெளியீட்டுக்கு ஒன்பது நாள். அன்றிலிருந்து, கட்டமைத்த மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்கி எல்லாப் பக்கத்தையும் எண்ணாமல் மீதியை அடிக்க நான் ஒப்புவதில்லை.

சட்டக் காரியங்கள் சில. சொந்தப் பதிப்பகப் பெயரில் போடுவதானால் அந்தப் பெயரை நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்யுங்கள். தொழில் பெயருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகம் கட்டணமில்லாமல் தருகிறது. அச்சுக்குப் போகும் முன்பே மனுச் செய்யுங்கள்; வெளியீட்டு வாரத்தில் ஓடாதீர்கள். நம் நாட்டு எண்ணில் 978-க்குப் பிறகு 967 அல்லது 629 வரும். 1984-ஆம் ஆண்டு அச்சுக்கூட, வெளியீட்டுச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நூலின் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ இருக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதி ஒப்படைக்க வேண்டும். அந்த ஐந்தைச் செலவாக நினைக்காதீர்கள். தோட்டத்தில் பிறந்த ஒருவரின் கடைக்கணக்கு நாட்டின் நூலகத்தில் இருக்கப்போகிறது.

மண்டபமும் மண்டபத்துக்கு வெளியேயும்

மலேசியாவில் தமிழ் நூல் பிழைப்பது வெளியீட்டு விழாவில். தமிழ்நாட்டில் நூலக ஆணையை எதிர்பார்த்துப் பதிப்பாளர் முதல் போடுவதுண்டு. இங்கே அந்த இடத்தில் மண்டபம் இருக்கிறது. பிரமுகர் ஒருவர் தலைமை. ஆசிரியர் ஒருவர் நூலாய்வு. "முதல் நூலைப் பெற்றுக்கொள்பவர்..." என்று அழைத்ததும் தொழிலதிபர் மேடையேறி உறையைக் கொடுத்து நூலையும் பொன்னாடையையும் வாங்கிக்கொள்வார். அவரைத் தொடர்ந்து உறவினரும் நண்பரும் வாடிக்கையாளரும் வரிசையில் வருவார்கள். உறைக்குள் என்ன வைப்பது என்பது அவரவர் மனசு. கல்யாண மொய் போலத்தான். இன்று நீங்கள் எனக்கு, நாளை நான் உங்களுக்கு.

இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வங்கி தராத முதலை ஊர் கூடித் தருகிறது. அந்த ஒரு மாலையில் அச்சுச் செலவு திரும்பிவிட்ட நூல்கள் எத்தனையோ. ஆனால் அந்த உறைகள் உங்களுக்காக வந்தவை. உங்கள் நூலுக்காக வந்தவை என்று எண்ண வேண்டாம். அன்றிரவு பல பிரதிகள் காரின் பின்சீட்டில் தாம்பூலப் பையோடு வீட்டுக்குப் போய், பையோடே இருந்துவிடும். நூலின் வாழ்வு மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. மண்டபத்தில் முந்நூறு போனால், முந்நூற்றோராவது பிரதியை வாங்குகிறவர் யார் என்பதற்கு விழா அழைப்பிதழ் அடிக்கும் முன்பே விடை வைத்திருங்கள்.

விழாவிலேயே ஒரு நோட்டு வைத்து, வாங்கியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுங்கள். படித்தீர்களா என்று கேட்காதீர்கள், அவர் சங்கடப்படுவார். கடை தொடங்க நினைக்கிற உறவுக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். அவர் தம் பிரதியையே எடுத்துக் கொடுப்பார். கைமாறிய பிரதி படிக்கப்படும்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றதிலிருந்து நூல் செய்தி வர இருந்த இடமும் சுருங்கிவிட்டது. இருக்கும் நாளேடுகளுக்கும் மின்னல் பண்பலைக்கும் பிரதி அனுப்புங்கள். ஆனால் தொழில் நூலின் வாசகர் புத்தகக் கடைக்கு வருகிறவர் மட்டும் இல்லை. அவர் மொத்த மளிகைக் கடையில் சரக்கு எடுக்க நிற்கிறார், முடிதிருத்தும் கடையில் முறைக்குக் காத்திருக்கிறார், லோரி பழுது பார்க்கும் பட்டறையில் இருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஐந்து பிரதி வைக்க இடம் கேளுங்கள். கழிவை அந்தக் கடைக்காரருக்கே கொடுங்கள். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, நாட்டில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அரைமணி நேரம், சிறுதொழில் கணக்கு எழுதுவது எப்படி என்று பேச முன்வாருங்கள். நூலைப் பற்றிப் பேச வேண்டாம். பேச்சு முடிந்ததும் மேசையில் இருக்கட்டும். தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயில் பக்கம் கூட்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அன்று யாரும் நின்று புத்தகம் புரட்டுவதில்லை. நான் கடை போட்டுப் பார்த்துவிட்டேன்.

மசாலாக் கடைப் பெரியவரின் நூல் அச்சுக்குப் போகும் முன், கடைசிப் படியை வீட்டில் உரக்கப் படித்தோம். இதையும் நீங்கள் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தப்பும் பிழை காதில் மாட்டும். மூன்றாம் அத்தியாயத்தில், பினாங்கு மிளகாய்க்காரரின் கடனை ஆறு மாதத்தில் அடைத்தோம் என்று இருந்தது. அடுப்படியிலிருந்து அவர் வீட்டு அம்மா வெளியே வந்தார். "ஆறு மாசம் இல்ல, எட்டு மாசம். அஞ்சாம் மாசம் ஒண்ணுமே கட்டல." பெரியவர் என்னைப் பார்த்தார். நோட்டை எடுத்துப் பார்த்தோம். எட்டு மாதம்தான். ஐந்தாம் மாதத்துக்கு நேராக வெறுமையாக இருந்தது. பக்கத்தை மாற்றினோம்.

நூல் வந்து ஏழெட்டு மாதம் கழித்து, நான் கடையில் இருந்தபோது ஒரு தொலைபேசி வந்தது. பாரிட் புந்தாரில் இட்லிமாவு அரைத்து விற்கும் பெண்ணாம். முன்பின் தெரியாதவர். மருந்துக் கடையில் காத்திருந்தபோது யாரோ விட்டுப்போன பிரதியை எடுத்தாராம். பாராட்ட அவர் கூப்பிடவில்லை. அவரும் உளுந்து வியாபாரிக்குத் தர வேண்டியிருந்தது.

"ஐயா, அஞ்சாம் மாசம் காசு கட்டலன்னு எழுதியிருக்கீங்கல்ல. அதுக்கப்புறமும் அவர் எப்படி உங்களுக்குச் சரக்கு போட்டாரு? நீங்க போய் என்ன சொன்னீங்க?"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இரும்மா, அவர்கிட்ட பேசுனது நான் இல்ல" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை உள்ளே அம்மாவிடம் கொண்டுபோனார்.